நீச்சல் பயிற்சியில் இதயத் துடிப்பு மானி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டத்திலும் சைக்கிளிலும் இதயத் துடிப்பு மானியைப் பழகிக்கொண்டவர்கள், அதே கருவியோடு நீச்சல் குளத்தில் இறங்கிய முதல் நாளிலேயே குழம்பிப்போகிறார்கள். எண் வருவதில்லை, வந்தால் நம்பும்படி இருப்பதில்லை, நம்பினாலும் அதை வைத்து என்ன செய்வது என்று தெரிவதில்லை. பயிற்சி முடித்துக் கரையேறுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். உடல்நலத்துக்காக நீந்துபவர், போட்டிக்குத் தயாராகிறவர் இருவரையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

நீச்சலுக்கு இதயத் துடிப்பு மானி அவசியம்தானா?

அவசியமில்லை. முதலில் வேண்டியது குளத்துச் சுவரில் மாட்டியிருக்கும் கடிகாரம். ஓட்டக்காரருக்கு மேடு உண்டு, எதிர்க்காற்று உண்டு, பாதை மாறும். வேகத்தை மட்டும் பார்த்தால் எவ்வளவு உழைத்தார் என்று தெரியாது. குளம் அப்படியில்லை. 25 மீட்டர் என்றால் என்றைக்கும் 25 மீட்டர்தான். அதனால் நீச்சலில் நேரமே நம்பகமான அளவுகோல்.

ஆனால் நேரம் பாதிக் கதையைத்தான் சொல்லும். 100 மீட்டரை 1 நிமிடம் 50 வினாடியில் நீந்தினீர்கள் என்று கடிகாரம் சொல்கிறது. அதற்கு உடல் என்ன விலை கொடுத்தது என்பதைத் துடிப்பு சொல்கிறது. போன மாதம் நிமிடத்துக்கு 158 துடிப்பில் கிடைத்த நேரம் இந்த மாதம் 148-இல் கிடைத்தால், கடிகாரம் காட்டாத ஒரு முன்னேற்றம் உங்களுக்குள் நடந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் வாங்குங்கள். துடிப்பை மட்டும் பார்ப்பதாக இருந்தால் வாங்க வேண்டாம்.

ஓடும்போது 165 காட்டும் அதே கருவி, தண்ணீரில் அதே அளவு மூச்சு வாங்கும்போது 150 என்கிறது. கருவியில் கோளாறா?

கோளாறு இல்லை. இதயம் தண்ணீரில் உண்மையாகவே மெதுவாகத் துடிக்கிறது. ஒரு காரணம் மட்டுமல்ல, பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன.

நிற்கும்போதும் ஓடும்போதும் கால்களில் இறங்கும் இரத்தத்தைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே கொண்டுவர வேண்டும். நீந்தும்போது உடல் கிடைமட்டமாக இருப்பதால் அந்த வேலை குறைகிறது. அதோடு தண்ணீர் உடலைச் சுற்றி நின்று அழுத்துகிறது. கழுத்தளவு தண்ணீரில் சும்மா நின்றாலே கால், வயிற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 700 மில்லிலிட்டர் இரத்தம் மார்புப் பகுதிக்குத் தள்ளப்படுகிறது. இதயத்துக்கு வரும் இரத்தம் கூடினால், ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் அளவும் கூடும். ஒரு துடிப்பில் அதிகம் போனால், அதே தேவைக்குக் குறைந்த துடிப்பே போதும்.

முகம் தண்ணீரில் படுவதும் ஒரு காரணம். முகத்தில், குறிப்பாக மூக்கையும் கண்ணையும் சுற்றிய பகுதியில், குளிர்ந்த நீர் பட்டவுடன் வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு ‘மெதுவாகு’ என்ற கட்டளை போகிறது. திமிங்கிலத்திடமும் நீர்நாயிடமும் உள்ள அதே மூழ்கு அனிச்சைதான்; நம்மிடம் மெலிதாக இருக்கிறது. தண்ணீர் உடல் சூட்டை எளிதாக வாங்கிக்கொள்வதால், தோலைக் குளிர்விக்க இரத்தத்தை அனுப்பும் வேலையும் இதயத்துக்குக் குறைகிறது. கடைசியாக, ஃப்ரீஸ்டைலில் பெரும்பாலான உந்துதல் கையிலிருந்தும் தோளிலிருந்தும் வருகிறது. தொடை போன்ற பெரிய தசைகள் ஓட்டத்தில் உழைக்கும் அளவுக்கு இதில் உழைப்பதில்லை.

எல்லாம் சேர்ந்து, பலருக்கும் நீச்சலின் உச்சத் துடிப்பு ஓட்டத்தின் உச்சத்தைவிட 10 முதல் 15 வரை குறைவாக இருக்கும். பல ஆண்டுகள் நீந்திப் பழகியவர்களுக்கு இந்த இடைவெளி சுருங்கும். எனவே ஓட்டத்துக்கு வகுத்த எண்களைத் தண்ணீருக்குள் கொண்டுவராதீர்கள். அப்படிக் கொண்டுவந்தவர்கள் ‘துடிப்பு ஏறவில்லையே’ என்று இன்னும் வேகமாக நீந்தி, இலகுவாக இருக்க வேண்டிய நாளையெல்லாம் கடினமான நாளாக்கிக்கொள்கிறார்கள். இந்தத் துறையில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

220-லிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வந்துவிடாதா?

அது 1970-களின் தொடக்கத்திலிருந்து புழங்கிவரும் சூத்திரம். கூட்டத்தின் சராசரியைச் சொல்லும், உங்களைச் சொல்லாது. ஒரே வயதுடைய இருவரின் உச்சத் துடிப்பு 20 வரை வேறுபடுவது சாதாரணம். 2001-இல் வெளிவந்த 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் சூத்திரம் முதியவர்களுக்குச் சற்று நெருங்கி வருகிறது, ஆனாலும் அதுவும் சராசரிதான். இரண்டுமே தரையில் எடுத்த அளவுகளிலிருந்து வந்தவை. தண்ணீருக்கான எண்ணைத் தண்ணீரில்தான் எடுக்க வேண்டும்.

தண்ணீரில் உச்சத் துடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

நன்றாகத் தூங்கி எழுந்த, முந்தைய நாள் கடுமையாகப் பயிற்சி செய்யாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். 800 மீட்டராவது பொறுமையாக நீந்தி உடலைச் சூடாக்குங்கள். இடையிடையே நான்கைந்து 25 மீட்டரை விரைவாக நீந்துங்கள். பிறகு 200 மீட்டரை நான்கு முறை, ஒவ்வொன்றும் முந்தையதைவிட வேகமாக, இடையே அரை நிமிட ஓய்வோடு நீந்துங்கள். நான்காவதில் கடைசி 50 மீட்டருக்கு எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. சுவரைத் தொட்ட கணத்தில் பதிவாகும் எண்ணே அன்றைய உச்சம். ஒரு வாரம் கழித்து மறுபடி செய்து, இரண்டில் பெரியதை வைத்துக்கொள்ளுங்கள்.

இது உடலை முழுதாகப் பிழியும் சோதனை. இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு வரலாறு உள்ளவர்கள், நாற்பதைக் கடந்து புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது. கரையில் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

மார்புப் பட்டை, கைக்கடிகாரம், கண்ணாடியில் மாட்டும் சென்சார்: எதை வாங்குவது?

அளக்கும் முறையை வைத்துப் பார்த்தால் இவை இரண்டே வகை. மார்புப் பட்டை இதயத்தின் மின் அலையை நேரடியாகப் பிடிக்கிறது. மருத்துவமனையில் இசிஜி எடுக்கும் அதே அடிப்படை. மற்றவை தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தால் திரும்பி வரும் ஒளி மாறுவதைக் கணக்கிடுகின்றன.

கம்பியில்லா மார்புப் பட்டையின் வரலாறு பின்லாந்தில் தொடங்குகிறது. போலார் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட கருவிதான் உடலில் அணிந்து பயன்படுத்தக்கூடிய முதல் கம்பியில்லா இதயத் துடிப்பு மானி. இன்றும் துல்லியத்தில் மார்புப் பட்டையை மிஞ்ச எதுவுமில்லை, அது அசையாமல் இருக்கும்வரை. நீச்சலில் அந்த ‘வரை’தான் சிக்கல். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் வசதியானது, ஆனால் நீச்சலில் அதன் துடிப்பு எண்ணை நான் அரை மனத்தோடுதான் ஏற்பேன். குளிர்ந்த நீரில் மணிக்கட்டின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஒளிக்குப் பிடிகொடுக்க அங்கே போதிய இரத்த ஓட்டம் இருப்பதில்லை. கை நீரைப் பிடித்துத் தள்ளும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் சற்றே எழும்பி, தோலுக்கும் சென்சாருக்கும் நடுவே தண்ணீர் நுழைகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு: கருவி சில நேரம் இதயத்தின் தாளத்தை விட்டுவிட்டுக் கை வீச்சின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் வேகத்தைக் கூட்டியும் கூட்டாமலும் ஒரே எண் அசையாமல் நின்றால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப்பொட்டு இதற்கு நல்ல இடம். தோலுக்கு அடியிலேயே இரத்தக் குழாய் ஓடுகிறது, கீழே எலும்பு இருப்பதால் தசை அசைவு குறைவு, நீச்சல் கண்ணாடியின் பட்டையே சென்சாரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. போலாரின் வெரிட்டி சென்ஸ் போன்ற சிறிய சென்சார்களைக் கண்ணாடிப் பட்டையில் மாட்டலாம். ஃபார்ம் நிறுவனத்தின் நீச்சல் கண்ணாடி, எண்ணைக் கண்ணெதிரே கண்ணாடியிலேயே காட்டுகிறது; 2024-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் துடிப்பு சென்சார் உள்ளேயே இருக்கிறது. மேற்கையில், தோளுக்குக் கீழே பட்டையில் கட்டும் ஒளி சென்சாரும் மணிக்கட்டைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், குளத்தில் மட்டும் நீந்துபவருக்கு நெற்றிப்பொட்டுச் சென்சாரைச் சொல்வேன். ஓட்டமும் சைக்கிளும் சேர்ந்த டிரையத்லான் பயிற்சி செய்பவருக்கு, பதிவைத் தன்னிடமே சேமித்துவைக்கும் மார்புப் பட்டை.

பட்டையும் கட்டியிருக்கிறேன், கடிகாரமும் கட்டியிருக்கிறேன். தண்ணீருக்குள் போனதும் எண் மறைந்துவிடுகிறதே?

புளூடூத்தும் ஏஎன்டி+ என்ற இன்னொரு கம்பியில்லாத் தொடர்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. தண்ணீர் இந்த அலைகளை விழுங்கிவிடும். சில சென்டிமீட்டருக்கு மேல் அவை போகாது. மார்பிலிருந்து மணிக்கட்டு வரை போவதற்கு வழியே இல்லை.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. பழைய 5 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலத் தொடர்பு தண்ணீரில் குறுகிய தூரம் போகும். போலார் எச்10 பட்டையில் அது இன்னும் இருக்கிறது, ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் கடிகாரமும் உங்களிடம் இருக்க வேண்டும். மற்றொன்று, பட்டையே எண்களைச் சேமித்துவைத்து, நீங்கள் தண்ணீருக்கு மேலே வந்ததும் கடிகாரத்துக்கு அனுப்புவது. விளையாட்டுக் கடிகாரங்கள் செய்யும் கார்மின் நிறுவனம் தன் நீச்சல் பட்டைகளில் இந்த வழியைத்தான் எடுத்தது. இரண்டாவது வகையில் நீந்திக்கொண்டிருக்கும்போது எண் தெரியாது. அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. நீந்தும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பவரின் கை வீச்சு அந்த இடத்திலேயே குலைகிறது.

சுவரை உதைத்துக் கிளம்பும்போது மார்புப் பட்டை இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

குட்டிக்கரணத் திருப்பம் போட்டு உதைக்கும் கணத்தில்தான் உடல் தண்ணீரில் மிக வேகமாகப் போகிறது. வெற்று மார்போடு நீந்தும் ஆண்களுக்குப் பட்டை அப்போது சுருண்டு இறங்கும். முழு நீச்சலுடை அணியும் பெண்களுக்கு உடையே பட்டையைப் பிடித்துக்கொள்வதால் இந்தத் தொல்லை அதிகம் வராது.

தரையில் கட்டுவதைவிட ஒரு பிடி இறுக்கமாகக் கட்டுங்கள், ஆனால் ஆழ்ந்து மூச்சிழுக்கத் தடையாக இருக்கக் கூடாது. உட்புறம் சிலிக்கான் புள்ளிகள் உள்ள பட்டை நழுவுவது குறைவு. கட்டுவதற்கு முன் மார்பில் எண்ணெயோ வெயில் காப்புக் களிம்போ இருக்கக் கூடாது. மின்முனைகளைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். மேலே இறுக்கமான கையில்லாச் சட்டையோ டிரையத்லான் உடையோ அணிந்தால் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்துவிடும்.

கடல் நீரிலும் மருந்து அதிகம் கலந்த குளத்திலும் இன்னொரு வகைப் பிழை வரும். அந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே குறுக்குவழி உண்டாகி, இதயத்தின் மெல்லிய மின் அலை அதில் கரைந்துபோகிறது. பட்டை தோலோடு ஒட்டி நீர் புகாமல் இருந்தால் மட்டுமே எண் சரியாக வரும்.

கருவியே வாங்காமல் துடிப்பை அளக்க முடியாதா?

முடியும். பல தலைமுறை நீச்சல்காரர்கள் அப்படித்தான் பயிற்சி செய்தார்கள். சுவரைத் தொட்டதும் கழுத்தின் ஒரு பக்கத்தில், தொண்டைக் குமிழுக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு விரல்களை மெதுவாக வைத்து, குளத்துக் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்தபடி 10 வினாடிகளுக்கு எண்ணி 6-ஆல் பெருக்குங்கள். 25 வந்தால் 150. கழுத்தை அழுத்தவும் கூடாது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொடவும் கூடாது. அங்கே அழுத்தினாலே துடிப்பு குறையும்.

ஒரு துடிப்பை விட்டுவிட்டால் கணக்கில் 6 குறையும், இது முதல் எச்சரிக்கை. இரண்டாவது, தாமதம். உடல் பழகியவர்களுக்கு நின்ற சில வினாடிகளிலேயே துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். கண்ணாடியைக் கழற்றி, மூக்கைச் சிந்தி, பக்கத்து லேனில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு எண்ணினால் நீங்கள் எண்ணுவது ஓய்வின் துடிப்பை. கையால் எண்ணுவதை எல்லோரும் ஒரு மாதமாவது பழக வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். கருவி தப்பாகச் சொல்லும் நாளில் அதைக் கண்டுபிடிக்கும் திறமை அந்த விரல்களில்தான் இருக்கிறது.

எந்த நேரத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும்?

துடிப்பு உழைப்பின் பின்னாலேயே வரும், கூடவே வராது. வேகத்தைக் கூட்டினால் துடிப்பு அதற்கேற்ற நிலைக்கு ஏற ஒன்று முதல் இரண்டு நிமிடங்கள் ஆகலாம். எனவே 25 மீட்டர், 50 மீட்டர் துண்டுகளின் நடுவில் வரும் எண்ணுக்குப் பொருள் குறைவு. 200 மீட்டருக்கு மேல் தொடர்ந்து நீந்தியபின், அல்லது குறுகிய ஓய்வோடு நாலைந்து 100 மீட்டர்கள் முடிந்தபின், சுவரில் வரும் எண் பேசும்.

நான் இரண்டு எண்களைக் குறிக்கச் சொல்வேன்: தொட்டவுடன் ஒன்று, ஒரு நிமிடம் அசையாமல் நின்றபின் ஒன்று. முதலாவது விலை. இரண்டாவது, உடல் எவ்வளவு விரைவில் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பது. முதல் எண் மாறாமல் இரண்டாவது எண் வாரத்துக்கு வாரம் இறங்கினாலும் அது நல்ல முன்னேற்றம்தான்.

50 மீட்டர் வேகப் பயிற்சிக்கு இது உதவுமா?

உதவாது. அரை நிமிடத்தில் முடியும் ஒன்றைத் துடிப்பு எட்டிப் பிடிப்பதற்குள் நீங்கள் சுவரில் நிற்பீர்கள். அங்கே நேரமும் கை வீச்சுகளின் எண்ணிக்கையும் போதும்.

பயிற்சி மண்டலங்களை எப்படிப் பிரிப்பது?

மண்டலம் என்பது ஒவ்வொரு வகை நீச்சலுக்கும் உரிய துடிப்பு எல்லை. அதை உச்சத் துடிப்பின் சதவீதமாகக் கணக்கிடுவது எல்லோருக்கும் தெரியும். நீச்சல் பயிற்சியாளர்கள் பலர் அதைவிட எளிய ஒன்றைப் பின்பற்றுகிறார்கள்: உச்சத்துக்கு எத்தனை துடிப்பு கீழே என்று பார்ப்பது. குளத்தில் மூச்சு வாங்கும்போது பெருக்கல் வராது, கழித்தல் வரும்.

உங்கள் நீச்சல் உச்சம் 182 என்று வைத்துக்கொள்வோம். 70 முதல் 50 வரை கீழே, அதாவது 112 முதல் 132 வரை, உடலைத் தளர்த்தும் நீச்சல். 50 முதல் 30 வரை கீழே, 132 முதல் 152 வரை, நீடித்த திறனை வளர்க்கும் நீச்சல். வாரத்தின் பெரும்பகுதித் தூரம் இங்கேதான் இருக்க வேண்டும். 30 முதல் 20 வரை கீழே, 152 முதல் 162 வரை, தாக்குப்பிடிக்கும் எல்லை. அதற்கு மேலே போவது திட்டமிட்ட கடும் செட்களில் (ஓய்வு இடைவெளியோடு திரும்பத் திரும்ப நீந்தும் தொகுதிகளில்) மட்டும்.

இந்த எல்லையை நேரத்தாலும் சரிபார்க்கலாம். ஒரு நாள் 400 மீட்டரையும், நன்றாக ஓய்வெடுத்தபின் 200 மீட்டரையும் முழு மூச்சாக நீந்துங்கள். 400-க்கு 7 நிமிடம், 200-க்கு 3 நிமிடம் 20 வினாடி ஆனது என்றால் நேர வித்தியாசம் 220 வினாடி, தூர வித்தியாசம் 200 மீட்டர். 100 மீட்டருக்கு 1 நிமிடம் 50 வினாடி. இதுவே நீங்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்துக்கு நெருக்கமானது. இந்த வேகத்தில் 100 மீட்டர்களைக் குறுகிய ஓய்வோடு நீந்தும்போது துடிப்பு 152-க்கும் 162-க்கும் நடுவே நின்றால் உங்கள் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. இல்லையென்றால் உச்சத்தை மறுபடி சோதியுங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

கிக்போர்டு (கையில் பிடிக்கும் மிதவைப் பலகை) பிடித்து உதைக்கும்போது துடிப்பு எகிறுகிறது, புல் பாய் (pull buoy, கால்களுக்கு நடுவே இடுக்கும் மிதவை) வைத்து நீந்தினால் இறங்குகிறது. ஏன்?

தொடைத் தசைகள் பெரியவை. உந்துதல் குறைவாகக் கிடைத்தாலும் ஆக்சிஜனை நிறையக் கேட்கும். கால்களுக்கு நடுவே புல் பாயை வைத்ததும் அந்தத் தேவை நின்றுபோகிறது, இடுப்பும் மேலே மிதப்பதால் இழுவை குறைகிறது. பட்டர்ஃபிளை அதே வேகத்துக்கு ஃப்ரீஸ்டைலைவிடக் கூடுதல் துடிப்பைக் கேட்கும். ஆகவே ஃப்ரீஸ்டைலின் எண்ணை ஃப்ரீஸ்டைலோடும் கிக்கின் எண்ணைக் கிக்கோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரே செட், ஒரே நேரம். ஒரு நாள் துடிப்பு கூடுதல், ஒரு நாள் குறைவு. எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் கருவி வாங்க வேண்டும் என்று சொல்வேன்.

கூடுதலாக இருந்தால் முதலில் எளிய காரணங்களைப் பாருங்கள். தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்ததா? போட்டிக் குளங்களின் நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 31 டிகிரி நீரில் அதே செட்டுக்கு இதயம் அதிகமாக உழைக்கும். தூக்கம் குறைந்ததா? காபி கூடியதா? போதிய தண்ணீர் குடித்தீர்களா? நீச்சலிலும் வியர்க்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. நீண்ட செட்டின் பிற்பகுதியில் நேரம் மாறாமல் துடிப்பு மட்டும் மெல்ல ஏறுவதில் நீரிழப்புக்கும் பங்கு உண்டு. இவை எதுவும் இல்லாமல் 10 துடிப்பு கூடியிருந்தால், உடலுக்குள் ஒரு காய்ச்சல் தொடங்கியிருக்கலாம். அன்று செட்டைக் குறைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

குறைவாக இருப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதே நேரத்தைக் குறைந்த துடிப்பில், உடல் இலகுவாக உணரும்போது நீந்தினால் அது முன்னேற்றம். அதே நேரத்துக்குக் கை கனத்து, மனம் வெறுத்து, எவ்வளவு முயன்றும் துடிப்பு ஏறாமல் நின்றால் அது களைப்பு. பல வாரங்கள் ஓய்வில்லாமல் தூரத்தைக் கூட்டியவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன்: எண் அழகாக இறங்கியிருக்கும், முகம் வாடியிருக்கும். எண் ஒன்றேதான், பொருள் நேர் எதிர். அதனால் துடிப்புக்குப் பக்கத்தில் ‘எவ்வளவு கடினமாக இருந்தது’ என்று 1 முதல் 10 வரை ஓர் எண்ணையும் எழுதச் சொல்கிறேன். துடிப்பு இறங்கி இந்த எண்ணும் இறங்கினால் மகிழுங்கள். துடிப்பு இறங்கி இது ஏறினால் மூன்று நாள் ஓய்வெடுங்கள்.

மூச்சடக்கி நீந்தும் செட்களில் துடிப்பு குறைகிறது. அப்படியென்றால் உடல் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளா?

இல்லை. அந்த எண்ணை நம்பி ஒருவர்கூட ஏமாறக் கூடாது. மூச்சை அடக்கும்போது மூழ்கு அனிச்சையால் துடிப்பு இறங்கும். அதே நேரத்தில் இரத்தத்தில் ஆக்சிஜனும் இறங்கிக்கொண்டே போகும். இதயத் துடிப்பு மானிக்கு ஆக்சிஜன் அளவு தெரியாது. மூச்சடக்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்து விடுபவர்களுக்கு ‘மூச்சு வேண்டும்’ என்ற உந்துதலே தாமதமாகத்தான் வரும். அது வருவதற்குள் நினைவு தப்பலாம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், இடுப்பளவு நீரிலும்கூட. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். தனியாக ஒருபோதும் மூச்சடக்கப் பயிற்சி செய்யாதீர்கள்.

என் மகளுக்கு 11 வயது, போட்டிகளில் நீந்துகிறாள். அவளுக்கும் வாங்கலாமா?

இப்போது வேண்டாம். குழந்தைகளின் துடிப்பு இயல்பாகவே பெரியவர்களைவிட வேகமானது. 200-ஐத் தாண்டுவது உண்டு, அதைப் பார்த்துப் பயப்படுவது பெற்றோர்தான். அந்த வயதில் அவள் கற்க வேண்டியது தண்ணீரைப் பிடிப்பதும், தலையை நேராக வைப்பதும், தன் உடல் சொல்வதைக் கேட்பதும். கழுத்தில் விரல் வைத்து எண்ணக் கற்றுக்கொடுங்கள், விளையாட்டாகவே பழகிக்கொள்வாள். நெஞ்சு வலி, மயக்கம், காரணமில்லாத படபடப்பு என்று அவள் எப்போதாவது சொன்னால் மட்டும் அலட்சியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். இந்த எண்கள் எனக்குப் பொருந்துமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் துடிப்பை இழுத்துப் பிடித்துவைக்கும். எவ்வளவு உழைத்தாலும் ஓர் அளவுக்கு மேல் ஏற விடாது. அந்த மருந்து எடுப்பவர்கள் மேலே சொன்ன மண்டலங்களை அப்படியே பின்பற்றினால் உடலைத் தாங்க முடியாத அளவுக்கு வருத்திக்கொள்வார்கள். உங்களுக்குப் பாதுகாப்பான எல்லையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அதுவரை, சுவரில் நின்றதும் ஒரு முழு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிகிற அளவில் நீந்துங்கள். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் பட்டை வாங்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

போட்டியில் அணிந்துகொள்ளலாமா?

நீந்துபவருக்கு எண்ணையோ ஒலியையோ தரும் எந்தக் கருவிக்கும் குளப் போட்டிகளில் இடமில்லை. திறந்த நீர், டிரையத்லான் போட்டிகளுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. பதிவு செய்யும்போதே அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கருவியை எப்படிப் பராமரிப்பது?

வாங்கும்போதே பெட்டியைப் பாருங்கள். ‘30 மீட்டர்’ என்று எழுதியிருந்தால் அதை அணிந்து 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளல்ல. அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்த அளவு அது. நீச்சலுக்கு 50 மீட்டர் அல்லது 5 ஏடிஎம் (வளிமண்டல அழுத்த அலகு) என்று இருப்பது குறைந்தபட்சத் தேவை.

ஒவ்வொரு முறையும் நல்ல நீரில் அலசுங்கள். குளோரின் பட்டையின் ரப்பரையும் கடல் உப்பு மின்முனைகளையும் அரித்துவிடும். மார்புப் பட்டையிலிருந்து சென்சாரைக் கழற்றித் துடைத்துத் தனியாக வையுங்கள். ஈரமான பட்டையோடு மாட்டியே வைத்தால், அது இன்னும் உங்கள் மார்பில் இருப்பதாக நினைத்து இரவு முழுக்க பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். பேட்டரி மாற்றும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு முடிகூட ஒட்டியிருக்கக் கூடாது. அந்த முடி வழியாகத் தண்ணீர் நுழையும்.

எண்களையெல்லாம் பதிவு செய்கிறேன். அவற்றை வைத்து உருப்படியாக என்ன செய்வது?

எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். ஒரே ஒரு சோதனை செட்டைத் தேர்ந்தெடுத்து, ஐந்தாறு வாரங்களுக்கு ஒருமுறை, அதே குளத்தில், வாரத்தின் அதே நாளில், அதே நேரத்தில் நீந்துங்கள். 200 மீட்டரைப் படிப்படியாக வேகம் கூட்டி ஏழு முறை நீந்தும் சோதனை பல நாடுகளின் தேசிய அணிகளிலும் வழக்கத்தில் இருக்கிறது. நமக்கு ஐந்து போதும். 6 நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்புங்கள். முதல் 200-ஐ 4 நிமிடம் 20 வினாடியில் நீந்துபவர் ஒவ்வொன்றுக்கும் 10 வினாடி குறைத்து, ஐந்தாவதை 3 நிமிடம் 40 வினாடியில் முடிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: நேரம், தொட்டவுடன் துடிப்பு, கடைசி 25 மீட்டரில் எத்தனை கை வீச்சு.

ஒரு கட்டம் போட்ட தாளில் நேரத்தைக் கீழேயும் துடிப்பைப் பக்கவாட்டிலும் வைத்து ஐந்து புள்ளிகளை இணையுங்கள். அடுத்த சோதனையை அதே தாளில் வேறு நிற மையில் வரையுங்கள். கோடு கீழே இறங்கியிருந்தால், கை வீச்சு எண்ணிக்கையைப் பாருங்கள். வீச்சும் குறைந்திருந்தால் நீரைப் பிடிக்கும் நுட்பம் மேம்பட்டிருக்கிறது. வீச்சு மாறாமல் துடிப்பு மட்டும் இறங்கியிருந்தால் இதயமும் தசையும் வலுத்திருக்கின்றன. அடுத்த ஆறு வாரத்துக்கு எதில் உழைக்க வேண்டும் என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு முடிவு செய்யலாம்.